புகார் உண்மை

எங்கள் கவுண்டியில், அதாவது மாவட்டத்தில், மாடுகள் நாற்பதாயிரம், வக்கீல் ஒருவர். பெயர் ப்ரெண்டிஸ் ஹாகன். வாடகைக்கு விடுகிறவர்கள் அத்தனை பேருக்கும் அவர்தான் வக்கீல். அதனால் குடியிருப்பவர்களுக்கு வக்கீலே கிடையாது.

நான் நீதிமன்ற கவுண்டரில் இருபத்திரண்டு வருஷமாக மனு வாங்குகிறேன். சட்ட ஆலோசனை சொல்லக் கூடாது என்பது மாநில உச்ச நீதிமன்றம் எங்களுக்குப் போட்ட விதி. "பதில் மனு போடலாம்" என்றால் அது தகவல். "பதில் மனு போடுங்க" என்றால் அது ஆலோசனை, வேலை போய்விடும். அந்த ஒரு 'லாம்' போட்டுத்தான் இத்தனை காலம் பிழைப்பு ஓடுகிறது.

பார்லர் வைத்திருக்கும் லொரீனுக்கு இந்த 'லாம்' எல்லாம் வராது. முட்டைக் கம்பெனியில் வேலை பார்க்கும் ட்வைலா, வீட்டைக் காலி செய்யச் சொல்லி வீட்டுக்காரர் போட்ட வழக்குக் காகிதத்தோடு அவளிடம் போனாள். ஜனவரிக் குளிரில் ஹீட்டர் ஓடவில்லை என்று ட்வைலா சுகாதார அலுவலகத்தில் புகார் கொடுத்திருந்தாள். பத்தே நாளில் வழக்கு வந்துவிட்டது.

"பழிவாங்குறான் கண்ணு! இதுக்குன்னே பதில் மனுப் படிவத்தில ஒரு கட்டம் இருக்கு பாரு!" என்றாள் லொரீன்.

ட்வைலாவின் தலையில் பூசிய சாயம் காய்வதற்குள் லொரீனே பேனாவை எடுத்து மூன்றாவது கட்டத்தில் டிக் அடித்தாள். ட்வைலா கையெழுத்து மட்டும் போட்டாள்.

ஹாகனுக்குப் பொறுக்கவில்லை. லைசென்ஸ் இல்லாமல் லொரீன் வக்கீல் தொழில் செய்கிறாள் என்று உச்ச நீதிமன்றத்துக்கே எழுதிவிட்டார். யார் வக்கீல், யார் வக்கீல் இல்லை என்று தீர்மானிப்பது அவர்கள்தான். ஏழு நீதிபதிகள், ஏழு பேருமே பழைய வக்கீல்கள். லீவு போட்டுவிட்டு விசாரணையைப் பார்க்கப் போனேன்.

"அந்தப் பொண்ணு வேற யார்கிட்ட போயிருக்கணும்?" என்று ஒரு பெண் நீதிபதி கேட்டார்.

"உள்ளூர் வக்கீல்கிட்டங்க," என்றார் ஹாகன்.

"உள்ளூர்ல யார் இருக்கா?"

"நான்தாங்க."

"நீங்க எதிர்த்தரப்பு வக்கீலாச்சே?"

"ஆமாங்க. அதனால அவங்க வழக்கை நான் தொடக்கூடாது. தொழில் நெறி இருக்குல்லங்க?"

ஏழு பேரும் தலையாட்டினார்கள். நெறி என்றால் அவர்களுக்கு உயிர்.

தீர்ப்பு முப்பத்து நான்கு பக்கம். லொரீனின் நல்ல மனசுக்கு ஒரு பத்தி, அவள் பேனாவுக்குத் தடை. எல்லாம் பொதுமக்களைப் பாதுகாக்கவாம். அந்தப் பொதுமக்கள்தான் ட்வைலா. அவளுடைய பதில் மனு செல்லாது. ஏழு நாளுக்குள், யாரும் சொல்லித்தராமல், அவளே புதிதாக எழுதித் தர வேண்டும். தவறினால் வீடு போச்சு.

ஏழாம் நாள் மதியம் என் கவுண்டருக்கு வந்தாள். அவளுக்குப் பின்னால் வரிசையில் ஹாகன், கையில் வேறொரு வழக்கு. ட்வைலா புதுப் படிவத்தை வரிக்கு வரி விரல் வைத்துப் படித்தாள். முதல் கட்டத்தில், 'புகார் உண்மை என ஒப்புக்கொள்கிறேன்' என்றிருந்தது. நீதிமன்றப் பேச்சில் புகார் என்றால் வீட்டுக்காரர் போட்ட வழக்கு. ட்வைலாவுக்குத் தெரிந்த புகார் ஒன்றே ஒன்றுதான்.

"உண்மைதானே வெர்லா? வீட்டுக்குள்ளயே தண்ணி உறைஞ்சு போச்சு. நான் என்ன பொய்யா சொன்னேன்?" என்று அழுத்தி டிக் அடித்தாள்.

"இன்னொரு தடவை நிதானமா படிச்சுப் பாக்கலாம்," என்றேன். அந்த 'லாம்' ஒன்றை மட்டும் இழுத்துச் சொன்னேன்.

"படிச்சுட்டேன். யார் உதவியும் இல்லாம நானே பண்ணிட்டேன், பாத்தியா!"

ஹாகன் எட்டி அந்தக் கட்டத்தைப் பார்த்தார். பிறகு என் வாயைப் பார்த்துக்கொண்டே நின்றார். எனக்குப் பென்ஷன் வர இன்னும் மூன்று வருஷம் இருக்கிறது. அதை நினைத்தேன். அதை நினைத்ததற்காக இன்றைக்கும் வெட்கப்படுகிறேன். சீல் குத்தினேன்.

ட்வைலா என் கையைப் பிடித்து நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.