ஈனஸ் கார்க்கம் கையெழுத்திட்ட நோட்டுகள்

1908 மார்ச்சிலிருந்து ஈனஸ் கார்க்கம் தூங்கவில்லை. கனடாவில், நோவா ஸ்கோஷியாவின் தென்கரை வங்கி அப்போது தன் நோட்டுகளைத் தானே வெளியிட்டது. ஆனால் ஒவ்வொன்றிலும் ஒருவர் மை தொட்டுக் கையெழுத்துப் போட்டால்தான் அது பணம். அந்த ஒருவர் ஈனஸ். அவர் கையெழுத்திட்ட நோட்டு எங்கே கைமாறினாலும் அவருடைய மணிக்கட்டு வெடுக்கென்று இழுக்கும், கண் திறந்துகொள்ளும். காட் மீன் படகுகள் கரைதிரும்பிக் கூலி பட்டுவாடா ஆகும் வாரங்களில் பாவம், கரண்டியைக்கூடப் பிடிக்க முடியாது. மனைவி அல்மீராதான் புளித்த முட்டைக்கோஸை ஊட்டிவிடுவாள். டாக்டர் வந்து பார்த்து, நோட்டு புழங்கினால் அப்படித்தான் இருக்கும் என்று சொல்லி ஐந்து டாலர் வாங்கிக்கொண்டு போனார். அதற்கும் ஒருமுறை இழுத்தது.

இப்படியே இருபத்தேழு வருஷம். பிறகு தலைநகர் ஒட்டாவாவில் மத்திய வங்கி வந்தது. இனி நாட்டுக்கே ஒரே நோட்டு என்றார்கள். ஊர் நோட்டுகள் திரும்பி வர வர வங்கிக் கொல்லையில் போட்டு எரித்தார்கள். ஒரு கட்டு எரிந்தால் ஈனஸுக்கு அரைமணித் தூக்கம். 1949இல் நாள் முழுக்கத் தூங்கினார். வெளியே மிச்சமிருந்தது ஒரே ஒரு நோட்டு. அதை அல்மீரா வங்கிக்குக் கொடுக்கவில்லை. மாலையானால் அடுத்த வீட்டு பியூலாவைக் கூப்பிட்டு அவள் கையில் அதை வைப்பாள். ஈனஸ் எழுந்து வந்து மேசையில் உட்காருவார். சாப்பிடுவார், காற்று எந்தப் பக்கம் என்று கேட்பார், மறுபடி போய்ப் படுத்துக்கொள்வார். அந்த நாலு வார்த்தைக்காக அல்மீரா காலையிலிருந்து காத்துக் கிடந்தாள்.

ஒருநாள் அவர் கரண்டியைக் கீழே வைத்தார்.

"போதும் அல்மீரா. அசதி தாங்கல. அந்த நோட்டையும் எரிச்சிடு."

"அப்புறம் நான் யாரோட பேசறது? சுவத்தோடயா?"

"எனக்கு மட்டும் ஆசை இல்லையா? முடியலையேம்மா."

அல்மீரா அன்றைக்கு அழுது தீர்த்தாள்.

மறுநாள் பியூலா வழக்கம்போல் கையை நீட்டினாள். அல்மீரா அந்தக் கையில் சாப்பாட்டுத் தட்டை வைத்தாள். "உக்காரு, நீ சாப்பிடு," என்று சொல்லிவிட்டு அடுப்பு மூடியைத் திறந்து நோட்டை உள்ளே போட்டாள். உள்ளறையில் ஈனஸ் புரண்டு படுத்தார்.

இன்னும் தூங்குகிறார். செவ்வாய்க்கிழமைகளில் அல்மீரா அவருக்கு முகம் மழித்து நகம் வெட்டுகிறாள். வெட்டி முடித்தபின் அந்த வலது கையைக் கொஞ்சநேரம் பிடித்துக்கொண்டிருக்கிறாள். அவர் விழிப்பதில்லை.