நம்புற மாதிரி ஒரு வாக்கியம்

"கடைசியா என்னதான் சொன்னார்?" என்று அம்மா மறுபடியும் கேட்டபோது, மகள் அப்பாவின் சட்டைப் பொத்தானோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

"படிச்சிட்டு இருந்தோம்மா."

"அது தெரியும்டி. நெஞ்சு ஒரு மாதிரி பண்ணுதுன்னு வாயத் தொறந்து சொல்லலையா? டாக்டர் கேட்டாரே."

"விடுக்கா, அவளைப் போட்டு நோண்டாத," என்ற மாமா, போனைக் காதில் வைத்துக்கொண்டு வாசலுக்குப் போனார்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். வேலை விட்டு வந்ததும், எத்தனை சோப்பு போட்டாலும் கிரீஸ் வாசனை போகாத கையில் அவளுடைய இங்கிலீஷ் புத்தகத்தை எடுத்துக்கொண்டு சுவரோரம் உட்காருவார். வார்த்தையைச் சும்மா உருப்போட்டால் பரீட்சையில் மறந்துபோகும், வாக்கியத்தில் வைத்தால் நிற்கும் என்று டீச்சர் சொல்லியிருந்தார். அதனால் ஒவ்வொரு வார்த்தைக்கும் அவள் ஒன்று சொல்ல வேண்டும், அப்பா ஒன்று. அப்பாவுடையதெல்லாம் அண்டப்புளுகு. ஒரு நாள் கப்பல் வாங்கினார். இன்னொரு நாள், "மை வைஃப் இஸ் வெரி ஒபீடியன்ட்" என்றார்.

"என் பேரு அடிபடுதே," என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

"உன்னைப் பெருமையாத்தான் சொன்னேன்."

இன்று சாயங்காலம் அவளுக்குப் பொறுமையில்லை. விடிந்தால் பரீட்சை. "விளையாடாதப்பா. நம்புற மாதிரி ஒண்ணு சொல்லு."

வார்த்தை 'சிவியர்', கடுமையான. அப்பா கொஞ்சம் யோசித்தார். பிறகு நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"ஐ ஹேவ் சிவியர் பெயின் இன் மை செஸ்ட்."

"கரெக்ட். அடுத்தது."

அப்பா சிரித்தார். கண்ணை மூடிச் சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டார். அசந்துவிட்டார் என்று நினைத்து, அவர் மடியிலிருந்த புத்தகத்தை மெதுவாக உருவினாள். அவர் தூக்கம் கெடக் கூடாதென்று மீதி வார்த்தைகளை வாய்க்குள்ளேயே படித்தாள். அம்மா சாப்பிடக் கூப்பிட்டு, அப்பாவின் தோளைத் தொட்டு உலுக்கும்வரை படித்துக்கொண்டிருந்தாள்.

பொத்தான் ஒருவழியாக மாட்டிக்கொண்டது. அம்மா அவர் நெற்றி முடியை ஒதுக்கிவிட்டாள்.

"கஷ்டப்படாமத்தான் போயிருக்கார், இல்ல? முகத்தப் பாரு."

சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனிவரை வந்தது.

"சிரிச்சார்மா," என்றாள்.

அம்மா தலையை ஆட்டிக்கொண்டாள். அதுவரை விறைத்திருந்த தோள்கள் கொஞ்சம் தளர்ந்தன.

புத்தகம் அதே பக்கத்தில் திறந்து கிடந்தது. அவள் 'கரெக்ட்' என்றதும், அப்பா எதற்குச் சிரித்தார்?