ஈஸ்டர் முடியட்டும்

என் வீட்டுக்காரர் சலவைக் கடை வைத்திருக்கிறார். ஊரார் சட்டையில் ஒரு சுருக்கம் இருந்தால் அவருக்குத் தூக்கம் வராது. வீட்டுக்கு வந்தாலோ தன் சட்டையை நாற்காலியில் எறிவார், ஈரத் துண்டைக் கட்டிலில் எறிவார், கையில் எறிய எதுவும் இல்லாவிட்டால் வார்த்தையை எறிவார். துண்டையாவது நான் எடுத்துக் காயப்போட்டுவிடலாம்.

ஈஸ்டருக்கு முன் வரும் இந்தத் தவக்காலத்தில் எல்லோரும் இறைச்சியை விட்டார்கள். இவருக்கு அது ஆகாத காரியம். அதனால் கோபத்தை விடப்போவதாகப் பாதிரியாரிடமே சொன்னார். பாதிரியார் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

ஆனால் மனிதர் சொன்னபடி நடந்தார். வீட்டில் சத்தமே இல்லை. கடவுளுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தவள், கொஞ்ச நாளில்தான் விஷயத்தைக் கண்டுபிடித்தேன். அவர் கோபத்தை விடவில்லை, ஒத்திவைத்திருந்தார். நான் தேநீரில் சர்க்கரை போட மறந்தால், சிரித்துக்கொண்டே "ஈஸ்டர் முடியட்டும்" என்பார். பக்கத்து வீட்டுக்காரர் எங்கள் வாசலை மறித்து வண்டியை நிறுத்தினாலும் அதே ஈஸ்டர்தான். வெள்ளாவிப் பானை மாதிரி மனிதர் உள்ளுக்குள் கொதித்துக்கொண்டிருந்தார்.

இந்த நேரம் பார்த்துத்தான் என் கொழுந்தன் கல்யாணக் கோட்டு ஒன்றைக் கருக்கினான். அண்ணனும் தம்பியும் ஒரே கடையில்தான் வேலை. இவன் போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் செருகிக்கொண்டு, ஒரு மாப்பிள்ளையின் வெள்ளைக் கோட்டின் முதுகில் இஸ்திரிப் பெட்டியை வைத்துவிட்டு உலக நியாயம் பேசியிருக்கிறான். பெட்டியின் அச்சு அப்படியே விழுந்துவிட்டது. என் வீட்டுக்காரர் மாப்பிள்ளை வீட்டுக்கு ஓடி, காலில் விழாத குறையாகச் சமாதானம் பேசி, வேறு கோட்டுக்கு ஏற்பாடு செய்துவிட்டு வந்தார். வந்தவர் கருகிய கோட்டை இஸ்திரி மேசைக்கு எதிரே ஆணியில் மாட்டினார். தம்பியைப் பார்த்து மெதுவாக, "ஈஸ்டர் முடியட்டும்" என்றார்.

அன்று சாயங்காலம் கொழுந்தன் என்னிடம் வந்தான்.

"அண்ணி, போன தடவ கஸ்டமருங்க முன்னாடி திட்டினாரு, பொறுத்துக்கிட்டேன். இந்தத் தடவ திட்டினா கிளம்பிடுவேன். அப்புறம் வரமாட்டேன்."

சும்மா மிரட்டவில்லை. பையைக் கட்டி வைத்திருந்தான். நான் வாக்கப்பட்டு வந்தபோது மூக்கொழுகிக்கொண்டு நின்ற பிள்ளை, என் கையால் சாப்பிட்டு வளர்ந்தவன். உலகமெல்லாம் ஆண்டவர் உயிர்த்தெழுந்ததைக் கொண்டாடப்போகிறது. என் வீட்டில் எது எழுந்து வரும் என்றுதான் நான் பயந்துகொண்டிருந்தேன்.

ஈஸ்டர் விடியற்காலைப் பூசைக்கு மூவரும் போனோம். பிரசங்கத்தில் பாதிரியார் கல்லறைக்குள் கிடந்த துணிகளைப் பற்றிச் சொன்னார். ஆண்டவருடைய தலையில் சுற்றியிருந்த துணி மட்டும் தனியாக, ஒழுங்காகச் சுருட்டி வைக்கப்பட்டிருந்ததாம். வழக்கமாகப் பிரசங்கத்தில் கண்ணயரும் என் வீட்டுக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். துணி விஷயமாயிற்றே.

வீட்டுக்கு வரும் வழியிலேயே அவர் கடையைத் திறந்தார். நேரே கடைக்குள் போய்க் கோட்டை எடுத்துக்கொண்டு வந்தார். நான் ரொட்டியையும் முட்டையையும் மேசையில் வைத்தேன். கொழுந்தன் பையோடு வந்து கதவோரம் நின்றான்.

"அண்ணே, ஈஸ்டர் வந்துடுச்சு. சொல்ல வேண்டியதச் சொல்லிடுங்க. கேட்டுட்டு கிளம்பறேன்."

இவருக்குக் காது சிவந்தது. அது எனக்குத் தெரிந்த சிவப்பு. வாயைத் திறந்தார், மூடினார். கோட்டை மேசையில் விரித்தார். கருகின இடம் உள்ளே போகும்படி கையை மடக்கி, முதுகை மடக்கி, நிதானமாக மடித்தார். எங்கள் வீட்டில் அவர் ஒரு துணியை மடித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"ஆண்டவரு கல்லறையிலருந்து எந்திரிச்சதும் நேரா, தன்னை மறுதலிச்ச சீடன் வீட்டுக்குப் போயிருக்கலாம். என்னைத் தெரியாதுன்னு சொன்னியாமேன்னு சட்டையப் பிடிச்சிருக்கலாம். நானா இருந்தா அதத்தான் பண்ணிருப்பேன்" என்றார். "அவரு துணியச் சுருட்டி வச்சிருக்காருடா."

கொழுந்தன் முழித்தான். திட்டுக்குத் தயாராக வந்தவன், பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினான்.

"சாப்டியா?" என்று கேட்டார்.

இல்லை என்று தலையாட்டினான்.

"அப்ப வந்து உக்காரு."

பையை வைத்துவிட்டு உட்கார்ந்தான். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருவரும் சாப்பிட்டார்கள். நான் அடுக்களைக்குப் போய்க் கொஞ்சம் அழுதுவிட்டு, அவன் பையைத் தூக்கிக்கொண்டு போய் அவன் அறையிலேயே வைத்தேன்.

மறுநாள் காலை கட்டிலைப் பார்த்தேன். ஈரத் துண்டைக் காணோம். மெத்தை காய்ந்திருந்தது. எனக்கு மனம் நிறைந்துபோனது. அப்புறம்தான் தலையணைப் பக்கத்து நாற்காலியைப் பார்த்தேன். சொட்டச் சொட்ட ஈரமாக, துண்டு வெகு ஒழுங்காகச் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது.

"என்னங்க, ஈரத் துண்டச் சுருட்டி வச்சா நாறாதா? கொடியில போட வேணாமா?"

கடைக்குக் கிளம்பியவர் வாசலில் நின்று திரும்பினார். காது சிவக்கவில்லை.

"ஆண்டவருக்கே எந்திரிக்க மூணு நாள் ஆச்சு" என்றார். "எனக்குக் கொஞ்சம் முன்னபின்ன ஆகும்."