தார் ரோட்டில் டூ-எச்

…இல்லை, முதலில் பிக்கப் வண்டியை நிறுத்த வேண்டும், பிறகு நியூட்ரல், அதற்கப்புறம்தான் டாஷ்போர்டுக் குமிழைத் திருப்ப வேண்டும், ஃபோர்-எல் என்றால் அப்படித்தான், ஃபோர்-எச் மாதிரி ஓடிக்கொண்டிருக்கும்போதே போட முடியாது, என் புருஷன் யுகேந்திரன் இதைச் சொல்லிக்கொடுத்த விதமே தனி, ஒவ்வொரு சொல்லுக்கும் மண்டையில் ஒரு குட்டு, “மழ ரோடு, கல்லு ரோடுன்னா ஃபோர்-எச், ஆழமான சேறுன்னா ஃபோர்-எல், தார் ரோட்டுல ஏறுனா டூ-எச், புரியுதாடி லோகேஸ்வரி?”… புரிந்தது. டூ-எச் என்றால் இரண்டு சக்கரம்தான் இழுக்கும், ஃபோர் என்றால் நாலும், காய்ந்த தாரில் நாலு சக்கரமும் சேர்ந்து இழுத்தால் திருப்பத்தில் வண்டி முரண்டு பிடிக்கும், உள்ளே பல்சக்கரங்கள் ஒன்றையொன்று நெரிக்கும். கிள்ளான் பாசாரில், சந்தை வாசலில் ஒருநாள் மறந்துபோய் ஃபோர்-எச்சிலேயே திருப்பினேன், வண்டி டக் டக்கென்று உதறியது, அவன் இறங்கி வந்து என் பக்கத்துக் கதவைத் திறந்தான், என் ஆட்காட்டி விரல் இடுக்கில் இருப்பதை நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் அறைந்து சாத்தினான். “கியர்பாக்ஸ் என்னா வெலன்னு தெரியுமா?” என்று கேட்டான். அந்த விரல் இன்றுவரை மடங்குவதில்லை, கட்டை விரலையும் நடு விரலையும் வைத்துத்தான் இந்தக் குமிழைத் திருப்புகிறேன்.

இன்றைக்கு ஸ்டீயரிங் என் கையில் இருப்பதே நேற்று அவன் விட்ட குத்தின் புண்ணியம், என் முகத்துக்குத்தான் வந்தது, நான் குனிந்துவிட்டேன், சுவர் குனியவில்லை, அவன் வலக்கை வீங்கிக் கிடக்கிறது. மேரு பக்கம் ஒரு கல்யாண வீட்டுக்குக் கூடாரக் கம்பிகளை இறக்க வேண்டும், செம்பனைத் தோட்டத்துக்குள் குறுக்கு வழி அவன் சொன்னதுதான், ராத்திரி மழையில் பாதை கூழாகிப் பின்சக்கரம் பாதிக்கு மேல் புதைந்துவிட்டது. “வரப்பவே ஃபோர்-எச் போட வேண்டியதுதானே, எரும!” இடக்கையால் கன்னத்தில் ஒன்று… “ஃபோர்-எல் போட்டு வை. பின்னுக்குத்தான் எடுக்கணும். நான் சொல்றதுக்கு முன்னால ரிவர்ஸ் போட்டே, கொன்னுருவேன் லா!” கொல்வாய், தெரியும், ஒருநாள் கொல்லத்தான் போகிறாய்… வீல் ஸ்பேனரால் சேற்றைக் கிளறிச் சக்கரத்துக்குப் பின்னால் பலகையைச் செருகிக்கொண்டிருக்கிறான், பக்கக் கண்ணாடியில் அவன் குனிந்த தலை, சக்கரத்திலிருந்து ஒரு முழம்கூட இருக்காது. ஃபோர்-எல்லில் வண்டி மெதுவாகத்தான் போகும், ஆனால் எது குறுக்கே கிடந்தாலும் நிற்காது, ரிவர்ஸ் போட்டால் முதலில் பலகை, பிறகு கை, பிறகு அந்தத் தலை… தேங்காய் உடைகிற சத்தம் கேட்குமா, இல்லை சத்தமே இல்லாமல் சேற்றில் அமுங்குமா? ஜாலான் லிச்சின், துவான், ரோடு வழுக்கல், ஐயா, வண்டி சறுக்கிவிட்டது என்று அழுதால் போலீஸ் நம்பாதா? எவ்வளவு ஆசையாக இருக்கிறது எனக்கு, ஐயோ, வாயில் எச்சில் ஊறுகிறது, கை கியர் மேல் போய்விட்டது…

முன்னுக்குப் போட்டு மிதித்தேன். ஏன் முன்னுக்கு? தெரியாது. பலகை பின்னால் எகிறி அவன் வாயில் அடித்தது, வழிந்தது ரத்தமா சேறா என்று தெரியவில்லை, ரத்தமாகவே இருக்கட்டும், வண்டி உறுமிக்கொண்டு மேலே ஏறுகிறது, அவன் ஸ்பேனரோடு எழுந்து ஓடி வருகிறான், பின்கதவில் ஓர் அடி, இன்னோர் அடி, கம்பிகள் அலறுகின்றன, சறுக்கி விழுகிறான், மறுபடி எழுகிறான்… அதோ தார் ரோடு, வெயிலில் காய்ந்து கிடக்கிறது. செந்தூலில் இருக்கும் என் அக்கா உஷாராணி ஒவ்வொரு தடவையும் போனில் சொல்வாள், “அவன் வண்டிய எடுத்துக்கிட்டே வந்துருடி, மத்தத நான் பாத்துக்கிறேன்,” இதோ வண்டி, இதோ ரோடு, ஃபோர்-எல்லிலேயே போனால்தான் என்ன, அவன் கியர்பாக்ஸ்தானே, நொறுங்கட்டும், பல் பல்லாகக் கொட்டட்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே என் கால் பிரேக்கை மிதித்துவிட்டது. நியூட்ரல். கட்டை விரலும் நடு விரலும் குமிழைத் திருப்பிவிட்டன. விளக்கு விட்டு விட்டு மின்னுகிறது, டூ-எச்சுக்கு மாறி முடிந்து அது அணையும்வரை வண்டியை நகர்த்தக் கூடாது… யார் என்னை நிறுத்தச் சொன்னது? கண்ணாடியில் ஸ்பேனரும் அவனும் பெரிதாகிக்கொண்டே வருகிறார்கள், கதவைப் பூட்டினேனா என்றுகூடப் பார்க்காமல் நான் அந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருக்கிறேன், தார் ரோட்டில் ஏறினால் டூ-எச், தார் ரோட்டில் ஏறினால்…