கட்டைவிரல் அளவு

நூலகருக்குப் புத்தகங்களின் முதுகு தெரியும். கல்லூரி நூலகத்தில் இருபத்திரண்டு வருடமாக இருபதாயிரம் முதுகுகளோடு குடித்தனம் நடத்துகிறவர். எந்தப் புத்தகத்தைக் கேட்டாலும் எந்த அலமாரி, எந்தத் தட்டு, என்ன எண் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டால் கண்ணைத் திறந்து, கேட்டவரை ஏற இறங்கப் பார்ப்பார். “படிக்கிறவன் ஒரு புத்தகத்தைப் படிப்பான். நான் எல்லாத்தையும் காப்பாத்துறேன்” என்பது மேடைதோறும் அவர் உதிர்க்கும் வாசகம். கைதட்டல் விழும். பேச்சு முடிந்துவிட்டது என்று நம்பியவர்கள் தட்டுவது அது.

வீட்டில் படிக்கிற ஆள் அவர் மனைவி. ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பு மேஜையில் வேலை. பஸ்ஸில் போக முக்கால் மணி, வர முக்கால் மணி, பெரும்பாலும் நின்றபடிதான். அந்த நெரிசலிலேயே வாரத்துக்கு ஒரு நாவலை முடித்துவிடுவாள். வீட்டில் வேறொன்றைப் படிப்பாள்.

ஒரு திங்கள்கிழமை சாயங்காலம் அவள் பையிலிருந்து புத்தகத்தோடு ஒரு மரத்துண்டும் வெளியே வந்தது. வண்ணத்துப்பூச்சி அளவுதான் இருக்கும். நடுவில் ஒரு துளை. துளையில் கட்டைவிரலை நுழைத்துப் புத்தகத்தின் நடுமடிப்பில் வைத்தால், இரண்டு பக்கமும் விரிந்த சிறகுகள் தாள்களை அமுக்கிப் பிடித்துக்கொள்ளும். ஒரு கை போதும். இன்னொரு கை பஸ் கம்பிக்கு.

“தம்பி செஞ்சு குடுத்தாருங்க. எவ்வளவு சௌகரியமா இருக்கு தெரியுமா?” என்று விரலை நுழைத்துக் காட்டினாள்.

தம்பி என்றால் கூடப்பிறந்தவன் இல்லை. தங்கை புருஷன், அதாவது நூலகருக்குச் சகலை. லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை. அதனால் குடும்பத்தில் அவருக்கு லிஃப்ட்காரர் என்றே பெயர். நூலகரின் மனைவியும் அவரும் ஏறுவது ஒரே பஸ்.

நூலகர் அந்த மரத்துண்டையே முறைத்தார். வழவழவென்று, கூழாங்கல் மாதிரி இருந்தது. அவள் விரலில் அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்கார்ந்திருந்தது. அங்கேதான் அவர் கண் நின்றது. அளவு! என் பெண்டாட்டி கட்டைவிரலின் அளவு இவனுக்கு எப்படித் தெரியும்?

வாய்விட்டுக் கேட்க கௌரவம் இடம் கொடுக்கவில்லை. “ம், பரவாயில்ல. கொஞ்சம் முரட்டு வேலை” என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு நான்கு நாள் அவர் பார்த்த இடத்திலெல்லாம் அது இருந்தது. சாப்பாட்டு மேஜையில், ஜன்னல் விளிம்பில், அவள் மடியில். ஒருநாள் குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் சீப்புக்குப் பக்கத்தில் கூட இருந்தது. புத்தகங்களுக்கென்றே பிறந்தவர் ஒருவர் இந்த வீட்டில் இருக்க, லிஃப்டில் கிரீஸ் தடவுகிறவன் வாசகிக்குப் பரிசு தருவதா? இதைவிட நல்லதாக ஒன்று செய்து, அவள் கையாலேயே அதைக் கழற்றி வைக்கச் செய்யாவிட்டால் இருபத்திரண்டு வருடச் சேவைக்கு என்ன அர்த்தம்?

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவள் ஒருக்களித்துத் தூங்கும்போது, வெளியே நீண்டிருந்த வலது கையின் கட்டைவிரலில் ஒரு நூலைச் சுற்றினார். முடிச்சுப் போடும்போது அவள் கண்ணைத் திறந்தாள்.

“என்ன பண்றீங்க?”

“கொசு.”

“கொசுவைக் கட்டிப்போடவா நூலு?”

நூலகர் ஆவணக் காப்பகத்துக்குரிய கம்பீரத்தோடு வெளியேறினார்.

மரத்துக்குப் பஞ்சமில்லை. புத்தக விவர அட்டைகள் வைக்கும் பழைய தேக்கு இழுப்பறை ஒன்று நூலகத்தின் மூலையில் உடைந்து கிடந்தது. அதன் முகப்புப் பலகையைக் கழற்றிக்கொண்டு இயற்பியல் ஆய்வகத்துக்குப் போனார். அங்கே அட்டெண்டரிடம் வாள், துளைபோடும் மெஷின், அரம் எல்லாம் உண்டு. வாயும் உண்டு.

முதல் துண்டை அழகாகச் சிறகு வடிவத்தில் அறுத்து, பிறகு துளை போட்டார். பட்டென்று இரண்டாகப் பிளந்தது. இரண்டாவதும் அப்படியே.

அட்டெண்டர் டீயை உறிஞ்சியபடி வேடிக்கை பார்த்தார். “சார், இத்துனூண்டு துண்டுல துளை போட்டா அது என்ன சார் பண்ணும்? முதல்ல பெரிய பலகைல துளை போடுங்க. அப்புறம் அதைச் சுத்தி அறுங்க. சிறகு மரத்தோட ரேகை போற பக்கமா நீளணும், குறுக்கால போச்சுன்னா ஒடிஞ்சிரும்.”

“எனக்குத் தெரியும்” என்றார் நூலகர், இப்போதுதான் தெரிந்துகொண்டவர்களின் எரிச்சலோடு.

“தெரிஞ்சா சரி. யாருக்கு சார் இவ்வளவு மெனக்கெடுறீங்க?”

“ஒரு நல்ல வாசகிக்கு.”

அட்டெண்டர் புருவத்தைத் தூக்கினார். “வீட்டுக்காரம்மாவுக்குத் தெரியுமா?”

“வீட்டுக்காரம்மாவுக்குத்தான்யா!”

மூன்றாவது துண்டு உருப்பட்டது. லிஃப்ட்காரர் செய்ததில் துளை நேராக இருந்தது. நூலகர் விட்டுவிடுவாரா? மனித விரல் சாய்வாகத்தானே இருக்கிறது என்று, வலது கட்டைவிரல் எப்படிச் சாய்கிறதோ அந்தச் சாய்வுக்குத் துளையை அரத்தால் இழைத்தார். நூலை வைத்து அளந்து அளந்து இழைத்தார். பத்து நாள் உணவு இடைவேளை இதிலேயே போயிற்று. மூன்று வகை உப்புத்தாள், அதற்குமேல் மெழுகு. கடைசியில் சூட்டுக்கம்பியால் ஒரு சிறகில் நூலக எண் ஒன்றைப் பொறித்தார். எண் இல்லாத பொருளுக்கு உலகில் இடமில்லை என்பது அவர் கொள்கை. உண்மையில் அது மிக அழகாகவே வந்திருந்தது. அட்டெண்டரே கையில் வாங்கி, “அட!” என்றார்.

இதைத் தனியாகக் கொடுத்தால் ஜெயித்ததை யார் பார்ப்பது? அடுத்த ஞாயிற்றுக்கிழமை சகலையையும் கொழுந்தியாளையும் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார். சாப்பிட்டு முடித்ததும் தொண்டையைக் கனைத்துக்கொண்டு எழுந்தார்.

“வாசிப்பு என்பது ஒரு தவம். அந்தத் தவத்துக்குக் கருவி என்று ஒன்று வேண்டுமானால், அது ஏனோதானோ என்று இருக்கக் கூடாது...”

“மாமா, ஐஸ்கிரீம் உருகுது” என்றாள் கொழுந்தியாள்.

நூலகர் மிச்சமிருந்த எட்டு நிமிடப் பேச்சை விழுங்கிவிட்டுச் சின்ன அட்டைப்பெட்டியை மனைவியிடம் நீட்டினார். அவள் திறந்தாள். முகம் மலர்ந்துவிட்டது. அதில் பொய்யில்லை. “நீங்களா செஞ்சீங்க? உங்க கையாலயா?”

“நல்லா இருக்கேண்ணே! பாலிஷ் எல்லாம் பிரமாதம்” என்றார் லிஃப்ட்காரர். அந்தப் பாராட்டில் பொறாமை ஒரு துளியாவது இருக்குமா என்று நூலகர் தேடிப் பார்த்தார். இல்லை. ஏமாற்றமாக இருந்தது.

மனைவி அலமாரியிலிருந்து நாவலை எடுத்துவந்து இடது கையில் பிடித்தாள். மரத்துண்டை இடது கட்டைவிரலில் மாட்டினாள். அது லொடலொடத்தது. ஒரு சிறகு தாளைக் குத்தியது, இன்னொன்று ஆகாயத்தைப் பார்த்து நின்றது.

“அந்தக் கையில இல்ல” என்றார் நூலகர் அவசரமாக. “நீ படிக்கிற கையில மாட்டு.”

“இதுதாங்க நான் படிக்கிற கை.”

ஐஸ்கிரீம் கரண்டிகள் அப்படியே நின்றன. கொழுந்தியாளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. “மாமா, அக்கா சின்ன வயசுலேர்ந்தே இடது கைலதானே புடிப்பா! வலது கை நொறுக்குத்தீனிக்கு.”

“பஸ்லயும் அப்படித்தாண்ணே” என்றார் லிஃப்ட்காரர், உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு. “வலது கையால கம்பியைப் பிடிச்சுக்குவாங்க. தாள் மூடிக்காம இருக்க கட்டைவிரலை வெச்சு அழுத்தி அழுத்தி, விரலே சிவந்துபோயிருக்கும். அதைப் பார்த்துத்தான் செஞ்சேன்.”

மூன்று வாரமாக அடக்கிவைத்திருந்தது வெடித்தது. “ஓஹோ! பஸ்ல பார்த்தீங்களோ? விரல் சிவந்தது வரைக்கும் பார்த்தீங்களோ? அளவு எப்படித் தெரிஞ்சுதாம்? அதையும் பார்த்தே எடுத்தாச்சா?”

லிஃப்ட்காரர் கரண்டியைக் கீழே வைத்தார். “அளவெல்லாம் தெரியாதுண்ணே. அஞ்சு சைஸ்ல செஞ்சேன். எது பொருந்துதோ எடுத்துக்கங்கன்னு அக்காகிட்ட பையோட குடுத்தேன். மிச்சத்துல ஒண்ணை கண்டக்டர் வாங்கிக்கிட்டாரு.”

ஐந்து! நூல் சுற்றவில்லை, நூலிழைப் பிசகு பார்க்கவில்லை. அவன் பாட்டுக்கு ஐந்தை அறுத்து ஒரு பையில் போட்டுக் கொடுத்திருக்கிறான். நூலகருக்கு உட்காரத் தோன்றியது. உட்கார்ந்தார்.

மனைவி அவரைப் பார்த்தாள். கோபம் மாதிரியும் இல்லை, சிரிப்பு மாதிரியும் இல்லை. “அவர் பஸ்ல பார்த்தாரு, சரி. நீங்க வீட்டுல பார்த்திருக்கலாமே. பத்தொம்பது வருஷமா எதிர் நாற்காலிலதானே உட்கார்ந்திருக்கீங்க?”

நூலகர் உருகிய ஐஸ்கிரீமைக் கரண்டியால் கிளறினார். இதற்கு எந்த மேடையிலும் அவர் பேச்சுத் தயாரித்ததில்லை.

விருந்தாளிகள் சீக்கிரமே கிளம்பினார்கள். கதவைச் சாத்திவிட்டு வந்தவர், எதிர் நாற்காலியை இழுத்து அவளுக்குப் பக்கத்தில் போட்டார்.

“படி” என்றார்.

“எதுக்கு?”

“பார்க்கணும். இடது கைக்கு வேற செய்யணும்ல.”

“தம்பி குடுத்தது இருக்கே.”

“அது இருக்கட்டும். நீ படி.”

அவள் எதையும் மாட்டாமல் வெறும் விரலால் புத்தகத்தை விரித்துப் பிடித்தாள். நூலகர் பார்த்தார். கட்டைவிரல் மடிப்பில் நேராக நிற்கவில்லை. லேசாக உள்பக்கம் வளைந்திருந்தது, சுண்டுவிரல் கீழிருந்து முட்டுக்கொடுத்தது. பக்கம் திருப்பும்போது மூக்கை ஒருமுறை சுருக்கினாள். பேச்சு வரும் இடங்களில் உதடு அசைந்தது. இதெல்லாம் எப்போதிருந்து நடக்கிறது? நுனிநகம் வெளுத்து, பிறகு சிவந்தது. நான்கு பக்கம் போனது. ஐந்தாவதில் அவள் சிரித்தாள்.

அவருக்குத் தெரிந்த சிரிப்பு இல்லை அது. கண்ணோரம் சுருங்கி, கன்னத்தில் ஒரு குழி விழுந்து, யாரோ காதில் ரகசியம் சொன்ன மாதிரி. இந்தக் குழியை இவர் கல்யாணப் போட்டோவில்கூடப் பார்த்ததில்லை.

நூலகர் மெல்லக் குனிந்து பின்னட்டையைப் பார்த்தார். தாடையில் கைவைத்துக்கொண்டு ஒருவன் உட்கார்ந்திருந்தான். அடர்ந்த முடி, அரும்பு மீசை, எல்லாம் தெரிந்த பார்வை.

“யாரு இவன்?”

“எவன்?” அவள் தலை நிமிரவில்லை. “ஓ, எழுதினவரு.”

“ஆளு எந்த ஊரு? என்ன வயசிருக்கும்?”

“செத்து நாப்பது வருஷம் ஆச்சுங்க.”

லிஃப்ட்காரரென்றால் வேறு பஸ்ஸில் ஏறச் சொல்லலாம். நூலகர் பின்னட்டையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவள் அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். மறுபடியும் அந்தக் குழி விழுந்தது.