மிஸ்னாத்திக்கு வந்த கீழ்ப்பேச்சு

மழைக்காலம் ஓய்ந்து உப்பளத்தில் புதிதாகக் கடல்நீர் கட்டிய வாரத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, சத்ராவியின் வாயிலிருந்து கீழ்ப்பேச்சு முழுவதும் போய்விட்டது. காய்ச்சல் இல்லை, எங்கும் விழுந்து அடிபடவில்லை, யாரும் செய்வினை வைத்ததாகவும் தெரியவில்லை. எழுந்தான், முகம் கழுவினான், சமையல் குடிசை வாசலில் வந்து நின்றான். கல்யாணமான நாள் முதல் "ஏய், சோத்தப் போடு" என்று சொல்லி வந்த பெண்டாட்டியிடம், "தாங்கள் அடியேனுக்குச் சிறிது அன்னம் அருள இயலுமா?" என்று கேட்டான். மிஸ்னாத்தி யாரோ பெரிய மனுஷர் முற்றத்துக்கு வந்திருக்கிறார் என்று நினைத்து, அகப்பையைக் கீழே வைத்துத் தலைத்துணியை இழுத்து விட்டுக்கொண்டு திரும்பினாள். வாசலில் அவன் மட்டும்தான் நின்றான்.

மதுராத் தீவில் பேச்சுக்கு மூன்று படி உண்டு. பிள்ளைகளோடும் தம்பியோடும் மாட்டோடும் மனைவியோடும் பேசக் கீழ்ப்படி. புருஷனிடமும் பழக்கமில்லாதவர்களிடமும் பேச நடுப்படி. மாமனாரிடமும் மதகுருவிடமும் சுமெனெப் அரண்மனை வழி வந்தவர்களிடமும் பேச மேற்படி. சாப்பிடுவதற்கு மூன்று சொல், வீட்டுக்கு மூன்று சொல், கண்ணுக்கு மூன்று சொல். சத்ராவிக்குக் கீழேயிருந்த இரண்டும் போய் உச்சியில் உள்ளது மட்டும் மிஞ்சியது. கீழ்ப்படிக்கு அந்த ஊர் வைத்திருக்கும் பெயரே 'இல்லை-ஆமாம்' என்பது. மேற்படிக்குப் பெயர் 'ஆமாம்-இல்லை'. அதனால் அன்றிலிருந்து அவன் யாரையும் மறுக்க முடியாதவனாகிப் போனான். அவனுடைய உப்பளத்து ஏற்றத்தை இரவல் கேட்டவர்கள் கொண்டுபோனார்கள், பாத்தி வரப்பை ஒருசாண் நகர்த்தியவர்கள் நகர்த்தினார்கள். அவன் கைகட்டி நின்று, 'தங்கள் சித்தம்' என்றான்.

அவனுடைய இரண்டு பந்தயக் காளைகள்தான் முதலில் கைவிட்டன. கீழ்ப்பேச்சில் மெய்யெழுத்துகள் இரட்டித்து அடிக்கும். சொல்லின் கடைசியில் தொண்டை சட்டென்று அடைத்து நிற்கும். அந்த அடைப்பில்தான் காளை கிளம்பும். 'தாங்கள் விரைந்து எழுந்தருள வேண்டும்' என்று மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டு அவன் கெஞ்சியபோது இரண்டும் திரும்பிப் பார்த்துவிட்டு, படுத்து அசைபோட்டன. பட்டணத்து டாக்டர் தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்து நன்றாக இருக்கிறது என்றார். மதகுரு தண்ணீரில் ஓதிக் கொடுத்தார்.

தலாக் சொல்வதற்கு முன்னோட்டம் என்றுதான் மிஸ்னாத்தி முதலில் பயந்தாள். பிறகு கேலி என்று நினைத்தாள். இரண்டுமில்லை என்று தெரிந்தபோது அலுப்பு வந்தது. புருஷன் உச்சியில் நின்று பேசும்போது பெண்டாட்டி நடுப்படியில் பதில் சொல்வது மரியாதையில்லை. அவளும் ஏறினாள். உயர்ந்த சொற்கள் நீளமானவை, நிறைகுடத்தைத் தளும்பாமல் தூக்கிப் போகிற மாதிரி ஒவ்வொன்றையும் தூக்க வேண்டும். விடியலில் மக்காச்சோளச் சோறு வடிக்கும்போதே அவளுக்குக் கழுத்து வலித்தது. படுக்கையில்கூட, தாங்கள் சற்றே நகர்ந்துகொள்வீர்களா என்று ஒருவரையொருவர் வேண்டிக்கொண்டார்கள். சொந்த வீட்டில் இரண்டு விருந்தாளிகள் எழுந்து போகத் தெரியாமல் உட்கார்ந்திருப்பது போல வருஷங்கள் போயின. மாமியார் இறந்ததும் அந்த வருஷங்களில்தான். மகன் தலைமாட்டில் நின்று அரசிக்குச் சொல்லும் சொற்களால் அழுதான். கிழவியின் காதுக்கு அது தன் பிள்ளையின் குரலாகப் படவில்லை. சின்னவன் வந்துவிட்டானா என்று கேட்டுக்கொண்டே கண்ணை மூடினாள்.

சின்னவன் துராசிம் கடல் தாண்டிச் சுரபாயாப் பட்டணத்தில் பழைய இரும்பு வாங்கி விற்றுக்கொண்டிருந்தான். அம்மாவுக்கு மண் போட வரவில்லை, சேதி போய்ச் சேரப் பிந்திவிட்டது. அடுத்த ஹஜ் பெருநாளுக்கு, ஊரை விட்டுப் போனவர்கள் எல்லாரும் திரும்பும் சமயத்தில், அவனும் வந்தான். வரிசை வீடுகளுக்கு முன்னாலிருந்த நீள முற்றத்தில் சொந்தக்காரர்கள் கூடியிருந்தார்கள். அண்ணன் காலைத் தொட வேண்டும், அவன் வாய்க்கு வந்தபடி திட்ட வேண்டும், அதோடு முடிந்துவிடும் என்று படகில் வரும்போதே நினைத்திருந்தான். சத்ராவி குனிந்து, "தாங்கள் எழுந்தருளியது இக்குடிசையின் பாக்கியம்" என்றான்.

காலைத் தொடக் கை நீட்டிய துராசிம் கையை இழுத்துக்கொண்டு நிமிர்ந்தான்.

"என்னண்ணே இது? நான் என்ன யாரோவா?"

"தங்கள் திருவுள்ளம் நோகும்படி அடியேன்..."

"அம்மா மண்ணுக்கு வரலன்னுதானே இப்படி ஊரு முன்னால என்னை வெட்டி விடுறே? அறையேன். நாயேன்னு சொல்லேன். தாங்கள்னு மட்டும் சொல்லாத!"

விஷயம் தெரிந்தவர்கள் குறுக்கே பேசினார்கள். அவன் காதில் எதுவும் ஏறவில்லை. சத்ராவி உதட்டைக் கடித்துக்கொண்டு 'டேய்' என்ற சொல்லைத் தொண்டையில் தேடினான். தேடத் தேட இன்னும் உயர்ந்த சொல்தான் வந்தது. அரண்மனையில்கூட வழக்கொழிந்த ஒரு சொல்லால் தம்பியைக் கூப்பிட்டுவிட்டான். துராசிம் கூரையிறவாணத்தில் செருகியிருந்த அரிவாளை உருவினான். அந்தத் தீவில் மானம் போனால் அடுத்தது அதுதான். பெண்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு உள்ளே போனார்கள்.

மிஸ்னாத்தி முருங்கைக்கீரைச் சாற்றுச் சட்டியோடு சமையல் குடிசையிலிருந்து வந்தாள். சில மாதங்களாகவே அவள் நாக்கில் என்னவோ தட்டுப்பட்டுக்கொண்டிருந்தது, சொற்களின் வால் மட்டும். அந்த மொழியில் ஒன்றைப் பலவாக்க வேண்டுமானால் சொல்லின் வாலை முதலில் சொல்லிப் பிறகு சொல்லைச் சொல்வார்கள். 'ஒரெங்' ஒரு ஆள், 'ரெங்-ஒரெங்' என்றால் ஆட்கள். வால் வந்து முழுச்சொல் வராமல் நிற்பதைப் பல்வலி என்று நினைத்துக் கிராம்பு வைத்துக்கொண்டிருந்தாள். அரிவாளைப் பார்த்ததும் மிச்சமெல்லாம் வந்து சேர்ந்தது.

"டேய் துராசிம், கீழ போடுடா அதை! உங்கண்ணனுக்கு வாய் செத்துப்போய் எத்தனை வருஷமாச்சு, காட்டுக்கத்தலா கத்துறாங்களே, காது அடைச்சுப் போச்சா உனக்கு? கிழவி கடைசி மூச்சு வரைக்கும் உன் பேரத்தான் சொல்லிட்டுக் கெடந்தா. வராதவன் வந்திருக்கே, வந்த எடத்துல வெட்டுக்குத்தா? இரும்பு பொறுக்கிப் பொறுக்கி மூளையும் துருப்பிடிச்சுப் போச்சு. போ, கையக் கழுவிட்டு வந்து தின்னு!"

ஒவ்வொரு சொல்லின் முடிவிலும் தொண்டை அடைத்து நின்றது. குரல் அவளுடையது, சொற்கள் சத்ராவியுடையவை. கொட்டகையில் படுத்திருந்த இரண்டு காளைகளும் எழுந்து நின்றன. துராசிமின் கை தளர்ந்து அரிவாள் மணலில் குத்தியது.

"அண்ணன் மாதிரியே திட்டுறீங்களே, அண்ணி" என்றான். அப்புறம் முற்றத்தின் நடுவில் உட்கார்ந்து, சுரபாயாவில் அழாததையெல்லாம் அழுதான்.

அன்று வந்த கீழ்ப்பேச்சு அவளிடமே தங்கிவிட்டது. நடுப்படியும் மேற்படியும் அதற்கு இடம் விட்டு விலகிக்கொண்டன. பெருநாள் கழிந்து மதகுரு வந்தபோது, "வா, உக்காரு, காப்பி குடி" என்றாள். அவர் கொஞ்சம் யோசித்தார், உட்கார்ந்தார், குடித்தார். அவர் குடித்துவிட்டதால் ஊரும் அதை ஏற்றுக்கொண்டது. போன ஏற்றம் திரும்பி வந்தது, வரப்பு பழைய இடத்துக்குப் போனது, காளைகள் ஓடின. உப்பு வியாபாரியிடம் 'முடியாது' என்று சொல்ல அவள் போக வேண்டியிருந்தது. வேலையாட்களை விரட்ட அவள், ஒரே மகளைக் கொஞ்ச அவள், செத்த வீட்டில் மார்பில் அறைந்து பெயர் சொல்லி அழ அவள். பக்கத்து வீட்டுக்காரர்கள்கூட, ஒருவரையொருவர் நேரில் திட்டிக்கொள்ளச் சங்கடப்பட்டு, மிஸ்னாத்தி வந்து ஒரு வார்த்தை சொல்லட்டும் என்று ஆள் அனுப்பினார்கள். ஒரு குடும்பத்தின் கோபமும் பிரியமும் ஒரே வாய் வழியாகப் போய்வந்தன. அவள் தலை சீக்கிரமே நரைத்தது. குரல் கட்டை தட்டியது. சாயங்காலமானால் உப்புக்குவியல் மாதிரி இருந்த இடத்தில் அப்படியே உட்கார்ந்திருப்பாள்.

மகள் கல்யாணமாகிப் போன வருஷம், வாடைக்காற்று அடித்த ஒரு மத்தியானம், அவள் யாரிடமும் எதுவும் பேசாமல் கட்டிலில் போய்ப் படுத்தாள். வீடு முழுக்க மரியாதையாக இருந்தது. சத்ராவி வெகுநேரம் கதவோரத்தில் நின்றுவிட்டு, வந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்தான்.

"தாங்கள் களைப்புற்றிருக்கிறீர்களோ?"

"ஆமாப்பா, அலுத்துப் போச்சு. நீ போய் அந்தப் போர்வைய எடுத்துட்டு வா. கால்ல சரியா போட்டு விடு."

அவன் போய் எடுத்து வந்து, கால் தெரியாமல் போர்த்திவிட்டான்.