மூடாத வால்வு

கிழக்கு வெளுக்கும் முன்பே உருகிய பிளாஸ்டிக் வாடையில் பட்டறை மூச்சு முட்டியது. நெட்டச்சி என்று எல்லோரும் கூப்பிடும் அவள், இயந்திரத்தின் சூடான தாடைக்கடியில் மிதவைச் சட்டைகளின் வாயை நீட்டிக்கொண்டிருந்தாள். ஆற்றைக் கடக்கும் படகுகளுக்குப் போகிற சட்டைகள். ஒவ்வொன்றின் வாயிலும் மெல்லிய ஷீட்டுகள் இரண்டை உள்ளே நீளும்படி வைத்து, நடுவில் வழிவிட்டு ஓரத்தை மட்டும் ஒட்ட வேண்டும். அதுதான் வால்வு. ஊதும்போது இரண்டும் விலகிக் காற்றுக்கு வழிவிடும். நிறுத்தினால், உள்ளே அடைபட்ட காற்றே இரண்டையும் அழுத்தி மூடிவிடும். மூடியும் வேண்டாம், முடிச்சும் வேண்டாம்.

அந்த வாரம் வந்த ஷீட் மொடமொடவென்று இருந்தது. மடித்த இடத்தில் சுருக்கம் விழுந்து, இரண்டும் சேராமல் வாயைப் பிளந்துகொண்டு நின்றன. ஒன்றை ஊதிக் கன்னத்தருகே பிடித்தாள். காற்று சில்லென்று பட்டது. ஊதிய சட்டையை அமுக்கிக் குமிழி வருகிறதா என்று பார்க்கும் தண்ணீர்த் தொட்டிக்குப் போனால், அது வறண்டு கிடந்தது. சோதனையால் வேலை தாமதமாகிறதென்று மேஸ்திரி தண்ணீரை வெளியே திறந்துவிட்டிருந்தார்.

அவளுடைய நாத்தனார் கைக்குழந்தையோடு தினமும் அந்தப் படகில்தான் அக்கரைக்குப் போய்வருகிறாள்.

முதலாளி வந்தார். அந்த வால்வை முதலில் வரைந்தவரே அவர்தான், விளக்கத் தேவையில்லை. ஊதிய சட்டையை அவர் கையில் கொடுத்தாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது தொய்ந்தது.

"ஐயா, இது மூடல."

"தெரியும்." குரலை அவர் உயர்த்தவில்லை. "கரை சேர்ற வரைக்கும் தாங்கும்."

"சேரலேன்னா?"

அவர் சட்டையைப் பெட்டிக்குள் போட்டார். "நீ குடியிருக்கிற வீடு யாரோடது?"

எல்லோர் காதிலும் அது விழுந்தது. தொழிலாளர் வரிசை வீடுகள் அத்தனையும் கம்பெனியுடையவை. அவள் வீட்டுக்காரர் இருமலோடு படுத்த படுக்கையாகக் கிடப்பதும் முதலாளிக்குத் தெரியும்.

நெட்டச்சி இயந்திரத்தை நிறுத்தினாள். எதற்கெடுத்தாலும் அவளோடு மல்லுக்கு நிற்கும் பக்கத்து மேசை வாயாடி, நெட்டச்சிக்கு இப்போதுதான் புத்தி வந்திருக்கிறது என்று முணுமுணுத்தபடி தன்னுடையதையும் நிறுத்தினாள். இரைச்சல் ஒவ்வொன்றாக அடங்கியது. சுமைக்காரர்கள் தோளிலிருந்த பெட்டிகளை இறக்கிவைத்தார்கள். வெளியேறும்போது நெட்டச்சி ஒரு சட்டையை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

மறுநாள் பட்டறையில் பூட்டுத் தொங்கியது. வீடுகளில் தண்ணீரும் இல்லை, மின்சாரமும் இல்லை. ஒரு சுமைக்காரர் மூட்டை கட்டத் தொடங்கினார். பிள்ளைகுட்டிக்காரர், யாரும் அவரைக் குறை சொல்லவில்லை. மிச்சமிருந்த தண்ணீரில் வாயாடி எல்லோருக்கும் சேர்த்து உலை வைத்தாள். சாப்பிட்டு முடித்தபோது அவர் கட்டிய மூட்டை பிரிந்து கிடந்தது. பழையபடி மெல்லிய ஷீட்டும் தொட்டியில் தண்ணீரும் வரும்வரை இயந்திரம் ஓடாது என்று முடிவாயிற்று. படகுத்துறையில் விஷயத்தைச் சொல்ல இரண்டு பேர் கிளம்பினார்கள். மற்றவர்கள் பட்டறை வாசலில் உட்கார்ந்தார்கள்.

வெயில் ஏறியபோது ஒரு வேன் வந்தது. உள்ளே, இவர்களுக்குப் பதிலாக வேலைக்குக் கூட்டிவந்த வெளியூர்ப் பெண்கள். பின்னால் இன்னொரு வண்டியில் தடியோடு ஆட்கள். மேஸ்திரி பூட்டைத் திறக்கப் போனார். நெட்டச்சி எழுந்து, வேன் ஜன்னலில் அந்தச் சட்டையை நீட்டினாள்.

"ஊதிப் பாருங்க. அப்புறம் உங்க இஷ்டம்."

ஒருத்தி வாங்கி ஊதினாள். மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அது மெல்லத் துவண்டு படிந்தது. தடிக்காரர்கள் வண்டியிலிருந்து குதிக்கும் சத்தம் கேட்டது.

வேன் கதவு திறந்தது. ஊதியவள் இறங்கி, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கேட்டாள்:

"நாங்க எங்க உக்காரணும்க்கா?"